ஏழில் மூன்றாம் நாள்

நட்புச் சாலை என்று பெயர் இதற்கு.
பாங்காக்கை விட்டு வடகிழக்கே வீடு திரும்புகிறவர்கள் எல்லோரும்
இன்றிரவு இதன்மேல்தான்.
சிக்கியூ தாண்டி, பெட்ரோல் பங்கை ஒட்டி எங்கள் கூடாரம்:
இனிப்புக் காப்பி இலவசம், ஈரத்துண்டு இலவசம்,
கண் செருகும் ஓட்டுநருக்குப் பாய் இலவசம்.

ஆபத்தான ஏழு நாள் என்று அரசாங்கம் எண்ணுகிறது.
டிசம்பர் இருபத்தொன்பதில் தொடக்கம்.
தினம் ஓர் அதிகாரி தொலைக்காட்சியில்
செத்தவர்களைக் கூட்டிச் சொல்வார்,
மழையளவு சொல்வதைப் போல.
இன்று மூன்றாம் நாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் கோயில்.
ஆண்டைக் கடக்க ஓதிக்கொண்டிருக்கிறார்கள்.
புத்தர் கையில் புறப்பட்ட வெள்ளை நூல்
கூரையெங்கும் கட்டம் கட்டமாக ஓடி
நாற்காலிக்கு ஒரு விழுது இறக்கியிருக்கிறது.
அதைத் தலையில் சுற்றிக்கொண்டு
கைகூப்பி உட்கார்ந்திருக்கிறார்கள்.
இங்கிருந்து பார்த்தால்
ஊரே குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருப்பது போல.

பத்து மணிக்கு சம்ருவாய் அக்கா
நூற்கண்டோடு மதில் ஏறினாள்.
"நீங்கள் உள்ளே வர முடியாது.
நூல் வெளியே வரலாம் அல்லவா?"
எங்கள் ஆம்புலன்ஸின் பக்கவாட்டுக் கண்ணாடியில்
மூன்று முடிச்சு.
"வண்டியைக் கட்டிப்போட்டுவிட்டாயே" என்றான் புன்லெர்ட்.
எல்லோரும் சிரித்தோம்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு வயர்லெஸ் கத்தியது.
பைக், ஒரு பெண், எட்டாவது கிலோமீட்டர்.

கத்தரிக்கோல் என் பையில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.
புன்லெர்ட் நகத்தால் முடிச்சை நோண்டினான்,
யாரையோ திட்டினான்,
ஏறி வண்டியை எடுத்துவிட்டான்.
பின் கண்ணாடி வழியே பார்த்தேன்:
மதில்மேல் சம்ருவாய் அக்கா
கண்டை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்து
நூலை விட்டுக்கொண்டே இருந்தாள்,
பட்டம் விடுகிற பையனைப் போல,
கண்டு தீரும்வரை.

அவள் பெயர் ரட்டியா.
சராபுரியில் ஓடு செய்யும் தொழிற்சாலை.
முழங்காலுக்குக் கீழே எலும்பு
போகக் கூடாத திசையில் போயிருந்தது.
நினைவு இருந்தது.
முதலில் கேட்டது: "என் மின்விசிறி?"

கம்பெனி விருந்தில் சீட்டுக் குலுக்கலில் விழுந்ததாம்.
ஒன்பது வருட வேலையில் முதல் பரிசு.
புதருக்குள் டார்ச் அடித்துத் தேடினேன்.
பெட்டி ஒரு மூலை நசுங்கி,
ரப்பர் கயிறு இன்னும் கழலாமல்.

கட்டுப் போடும்போது வானம் வெடித்தது.
பங்கின் பின்னாலிருந்து பச்சை, சிவப்பு,
அவள் முகத்தில் மாறி மாறி.
வேறு சொல் கிடைக்காமல்
"புத்தாண்டு வாழ்த்து" என்றான் புன்லெர்ட்.
பல்லைக் கடித்துக்கொண்டு
அவள் கைகூப்பினாள்.

மின்விசிறியையும் ஏற்றிக்கொண்டோம்.
படிவத்தில் இரண்டு கட்டம்.
இரண்டாவதில் ஒன்று என்று எழுதினேன்.
காலையில் அதிகாரி அழுத்திச் சொல்வது
முதல் கட்டத்தைத்தான்.

மூன்று மணிக்குத் திரும்பினோம்.
கோயிலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.
கண்ணாடியில் இரண்டு முழ நூல்,
சேறு, ஒரு செத்த வண்டு.

"எதுவரை வந்தது?" என்றாள் சம்ருவாய் அக்கா.
"இரண்டாவது பம்பு வரை."
"அவ்வளவுதானா" என்றாள்.
அவள் முகம் கொஞ்சம் வாடியது.

அதற்குள் ஒரு லாரிக்காரர் கோப்பையை நீட்டினார்.
சர்க்கரை கூடக் கேட்டார்.
நான்காம் நாள்.
போட்டேன்.