ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம்

டாப் மாடலுக்கும் அதற்கு அடுத்ததற்கும்
அவ்வளவுதான் வித்தியாசம் என்றான் சுஹாஸ்.
ஓசூர் ரோடு ஷோரூமில் காபி ஆறிக்கொண்டிருந்தது.
என்ஜினும் சீட்டும் ஒன்றேதான், மேடம்.
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா,
முன் கிரில்லுக்குள் ஒரு ரேடார்.

ஓட்டிப் பார்த்தோம்.
பொம்மனஹள்ளி தாண்டுவதற்குள்
பதினோரு முறை கத்தியது.
இளநீர் வண்டிக்கு ஒரு முறை.
கையை மட்டும் நீட்டி
எட்டு வண்டிகளை நிறுத்தி ரோட்டைக் கடந்த
பூக்காரிக்கு ஒரு முறை.
மெட்ரோ தூணுக்கு. பிறகு தூணின் நிழலுக்கு.
கோட்டை விட்டால்
தானே இழுத்துப் பிடிக்குமாம்.
கோடு எங்கே என்று அதுவும் தேடியது,
நாங்களும் தேடினோம்.
போன மழைக்கு முன் இருந்ததாம்.

பாவம், ஊருக்குப் புதுசு என்று
ரூபன் டேஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தான்.
பிறகு மொபைலில் கணக்குப் போட்டான்:
ஜெனிலாவின் ஒரு வருட ஸ்கூல் ஃபீஸ்,
மேலே ஒரு வாஷிங் மெஷின்.
வேண்டாம் என்பதற்கு அவனிடம்
நல்ல காரணங்கள் இருந்தன.
எனக்குமே அவை பிடித்திருந்தன.

என் வேலையே அலாரம் பார்ப்பதுதான்.
எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏழாம் மாடி.
எங்கோ ஒரு வங்கியின் சர்வர்கள்
இரவெல்லாம் சிவந்து சிவந்து அடங்கும்.
நூறில் தொண்ணூற்றெட்டு பொய்.
பொய்யாய்க் கத்துவதை முதல் வாரம் திட்டுவோம்,
இரண்டாம் வாரம் சத்தத்தைக் குறைப்போம்,
அப்புறம் அணைத்தே விடுவோம்.
இந்தக் காரை என்ன செய்வேன் என்று
எனக்குத் தெரியும்.

ஆனாலும் விலைப்பட்டியலில்
அந்தக் கட்டத்தைவிட்டு விரல் நகரவில்லை.

ஏப்ரலில் ஒரு காலை, ஐந்து நாற்பது.
மேம்பாலத்தில் என்னைத் தவிர யாருமில்லை.
சில்க் போர்டு என்ற பலகையைப் பார்த்தது
ஞாபகம் இருக்கிறது.
அடுத்த ஞாபகம்
இடப்பக்கச் சுவர்,
ரகசியம் சொல்லும் தூரத்தில்.
நடுவில் போன இரண்டு நொடியை
நான் எங்கேயும் தேடவில்லை.
வீட்டுக்கு வந்து சட்னி அரைத்தேன்.
ஜெனிலாவுக்குப் பின்னல் போட்டேன்.

அங்கே கோடு இருந்தது.
நேற்றுதான் அடித்த மாதிரி, வெள்ளையாக.

சுஹாஸ் பேனாவை நீட்டியபோது
அதைச் சொல்லிவிட்டேன்.
எப்போ, என்றான் ரூபன்.
சொன்னேன்.
தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று
சுஹாஸ் எழுந்து போனான்,
மேஜையில் இரண்டு பாட்டில் இருந்தும்.

விலைப்பட்டியலைத் திருப்பிப் போட்டு
நானும் ஒரு கணக்கு எழுதினேன்.
நைட் ஷிஃப்டுக்கு மாதம் ஒன்பதாயிரம் கூடுதல்.
பதினெட்டு மாதம் கண்விழித்தால்
ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம்.
பைசா மிச்சமில்லாமல் வந்தது.
தூங்கிவிட்டால் காப்பாற்றும் பெட்டிக்காக
பதினெட்டு மாதம் தூங்காமல் இருக்கவேண்டும்.
ரூபன் அதை இரண்டு முறை பெருக்கிப் பார்த்தான்.
பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஞாயிறுவரை ஆஃபர் இருக்கு சார் என்றான் சுஹாஸ்.

பழைய காரிலேயே திரும்பினோம்.
சாவியை அவன் கேட்டான், நான் தரவில்லை.
அகரா ஏரி தாண்டும்வரை பேச்சில்லை.
திடீரென்று ஓர் ஆட்டோ
இண்டிகேட்டர் இல்லாமல்
ஒற்றைக்காலை வெளியே நீட்டித் திரும்பியது.
நான் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே
பக்கத்து சீட்டில்
ரூபனின் வலது கால்
அங்கே இல்லாத பிரேக்கை
தரை அதிர மிதித்தது.