உத்தி பிரித்தல்

டீக்கடைச் சுவரில், பால் விலைக்குப் பக்கத்தில்,
கன்னியப்பன் சிவப்பு சாக்பீஸால் இழுத்த கோடு.
பத்து அணிகள் மேலே. இரண்டு கீழே.
கோட்டை ஒட்டி, பத்தாவதாக எங்கள் பெயர்:
கொருக்குப்பேட்டை மூணாவது கேட் கால்பந்துக் கழகம்.
நீளம் போதாமல் கடைசி எழுத்து
ஜன்னல் சட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

கீழே போனால் மூன்றாம் டிவிஷன்.
நடுவர் வர நாம்தான் ஆட்டோ அனுப்ப வேண்டும்.
கோல் வலை நம்முடையது.
ஆம்புலன்ஸ் என்பது நசீரின் பைக்.

நான் கழகத்தின் கணக்கு பார்ப்பவள்.
வாரநாட்களில் மணலியில் கன்டெய்னர் எடை.
காலி லாரிக்கு முதலில் சரக்கு ஏற்று என்று
அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கடைசி மேட்ச் நடந்த அதே ஞாயிறு,
அடையாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு நட்சத்திர ஹோட்டலில்
எட்டு முதலாளிகள் உட்கார்ந்து
நானூறு பையன்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.
போன வருடம் கடைசியாக வந்தவருக்கு
இந்த வருடம் முதல் கை.
பந்திக்குப் பிந்தியவருக்குத் தலைவாழை இலை.
கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.
ஒன்பதாவது இலை போடமாட்டார்கள் என்பதை மட்டும்
யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

எங்களுக்கு ஒரு டிரா போதும்.
எழுபதாம் நிமிடம் தேசப்பன் உதைத்த பந்து
மதில் தாண்டி, நகரும் கூட்ஸில் விழுந்து,
எண்ணூருக்குப் போய்விட்டது.
வேறு பந்து வர ஒன்பது நிமிடம்.
அதற்குள் கால்கள் ஆறிப்போயின.
அதற்குள்தான் என் போனில்
ஞானதீபன் பெயர் வந்தது: முதல் தேர்வு.
மைதானமே கத்தியது. எதிரணியும் கத்தியது.
எண்பத்தாறாம் நிமிடம்,
அவன் நிற்க வேண்டிய இடத்தில் யாரும் நிற்காததால்
ஒரு கோல் வாங்கினோம்.

தேசப்பன் கையுறையைக் கழற்றாமலே
முகத்தைத் துடைத்தான். சேறுதான் பரவியது.

சந்தில் ஆடிய காலத்தில் உத்தி பிரிப்போம்.
இரண்டிரண்டு பேராகத் தள்ளிப்போய்ப் பெயர் வைத்துக்கொண்டு வந்து
'ரயில் வேணுமா, கப்பல் வேணுமா?'
கப்பல் என்றால் நான் அந்தப் பக்கம்.
ஒற்றைப்படையில் ஒருத்தி மிஞ்சினால் ஒப்புக்குச் சப்பாணி:
இரண்டு பக்கமும் ஆடலாம், கோல் கணக்கில் வராது.
அநேகமாக அது நான்தான்.
யார் கையில் விழுகிறோம் என்று தெரியாதது
அப்போதும் சமத்துவம் போலவே இருந்தது.

மூன்று மாதம் கழித்து, ராத்திரி பதினொன்றுக்கு
ஞானதீபன் போன் செய்தான்.
"யக்கா, ஏழு மேட்ச் வரிசையா தோத்துட்டோம்.
யாரும் ஒண்ணும் சொல்லல.
கடைசியா முடிச்சா நல்லதுதானாம்,
அடுத்த வருஷம் நல்ல பையனா கெடைப்பானாம்.
ரூம்ல ஏசி ஓடுது. பாட்டு ஓடுது.
ஒருத்தன் கூட அழுவலக்கா."

சம்பளம் வந்ததா என்றேன்.
"வந்துச்சு. அம்மாவுக்கு ஃபிரிட்ஜ் வாங்கிட்டேன்."
அதைவிடப் பெரிய பதில் என்னிடம் இல்லை.

வலை கிழிந்திருக்கிறது.
காசிமேட்டில் நைலான் நூல் வாங்கிவந்து
தேசப்பனும் நானும் கோத்துக்கொண்டிருக்கிறோம்.
பழகாத கை. கண்கள் சிறிதும் பெரிதுமாக வருகின்றன,
ஓரிடத்தில் பந்தே நுழையும்போல.

டீக்கடைக்கு வெள்ளையடித்துவிட்டார்கள்.
பால் இரண்டு ரூபாய் மேலே போயிருக்கிறது.
கன்னியப்பன் ஸ்டூல் போட்டு ஏறி
இந்த முறை கோட்டை உச்சியில் இழுக்கப் பார்க்கிறார்,
அதற்கு மேல் இரண்டு பெயருக்கு மட்டும் இடம் விட்டு.
கை எட்டவில்லை.
"ஸ்டூலப் புடிம்மா, ஆடுது" என்கிறார்.