நீலத்துக்கு ஓர் எண்

காந்தம் ஒட்டவில்லை.
கதவில் வைத்தேன், விழுந்தது.
முன்மூடியில் வைத்தேன், விழுந்தது.
"காந்தம் கெட்டுப்போச்சா மேடம்?" என்றான்
கேட்டைத் திறந்துவிட்ட பையன்.
ஒட்டாதென்று தெரிந்தேதான் வைத்தேன், கைப்பழக்கம்.
இந்த வண்டிக்கு உடம்பு இரும்பில்லை, ஃபைபர்.
தியேப்பில், ஒரு கடலோரத்தில் செய்து
துய்மா வீதிக்கு, இன்னொரு கடலோரத்துக்கு வந்தது.
உப்பால் தின்ன முடியாத தோல்.
உள்ளே குனிந்து டார்ச் அடித்தால்
இரும்பு முதுகெலும்பு.
அங்கே உப்பு
அவசரமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

எழுபத்தொன்றாம் வருஷத்து அல்பீன்.
பக்கத்தில் நின்று கூரையில் முழங்கை ஊன்றலாம்.
மீட்டரில் நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்,
கேபிள் எப்போது அறுந்தது என்று
வீட்டில் யாருக்கும் தெரியாது.

பாகப்பிரிவினைக்கு மதிப்பு வேண்டும். மூன்று பேர்.
வண்டியை வைத்துக்கொள்ளப்போகிற பெர்னார் சவரிராயன்
என்னைத் தனியே கூப்பிட்டு
"துரு ரொம்ப ஜாஸ்தி, பாத்தீங்கல்ல?" என்றார்.
பங்குப்பணம் வாங்கப்போகிற எலோதி
காபியோடு வந்து
"இந்த நீலம் ஒரிஜினல், எழுதிக்குங்க" என்றாள்.
துலூஸிலிருந்து மூத்தவர் வீடியோவில்
ஏல விலைகளை யூரோவில் வாசித்தார்.
எனக்குக் கடலூர் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

கோப்பில் சுங்கத்துறை போட்ட விலை ஒன்று.
எண்பத்தாறில் முதலியார்பேட்டை காயலான் கடைக்காரர்
சிகரெட் அட்டையின் பின்னால் எழுதியது ஒன்று:
எஞ்சினுக்கு ஆயிரத்து இருநூறு, உடம்பு வேண்டாம்.
ஃபைபரை யாரும் எடைக்கு எடுப்பதில்லை.
இரண்டு காகிதத்துக்கும் நடுவில் வண்டி
ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

தானே புயலில் வேப்பமரம் விழுந்து
இடது கதவு பிளந்திருக்கிறது.
ஒட்டியவர் கார் மெக்கானிக் இல்லை,
வீராம்பட்டினத்தில் படகுக்கு ஒட்டுப்போடும் அஞ்சாப்புலி.
ரெசின், கண்ணாடிப்பாய், ரோலர்.
உள்பக்கம் விரலோட்டிப் பார்த்தேன்,
தொழிற்சாலை போட்ட பக்கத்தைவிட உறுதி.
அசலில்லை என்பதால் எட்டு சதவீதம் கழித்தேன்.
விதி அப்படி.
சேசிஸ் எண் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போனது,
அதற்கு முப்பது கூட்டினேன்.
தகட்டில் அடித்த ஐந்து இலக்கம்.
அது இல்லையென்றால் இது
நீலமாக ஏதோ ஒன்று.

நான்கு வருஷம் கழித்துக் காப்பீட்டுக்காக
மறுபடி போனேன்.
துரு இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தது.
ஓட்டுநர் இருக்கையில் பூனை குட்டி போட்டிருந்தது.
வேறெதுவும் மாறவில்லை,
சந்தையைத் தவிர.
பளபளவென்று புதுப்பித்த வண்டிகள் இப்போது மலிவாம்.
கை படாததற்குக் கிராக்கி,
பட்டிருந்தால் ஒரு கதையோடு பட்டிருக்க வேண்டும்.
எட்டு கழித்த அதே ஒட்டுக்குப்
பத்து கூட்டினேன்.
இதுவும் விதிதான்.
இரண்டு அறிக்கையிலும் என் கையெழுத்து
ஒன்றுபோலவே இருக்கிறது.

அந்தக் கதையைக் கேட்டு எழுத
வீராம்பட்டினம் போனேன்.
அஞ்சாப்புலி ஒரு படகுக்கடியில் மல்லாந்து கிடந்தார்,
என் வயதுதான் இருக்கும்.
"ஆயிரத்து எண்ணூறு குடுத்தாங்க.
பாதி ரெசினுக்கே போச்சு."
இன்றைய எண்ணைச் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை. மேலே இருந்த படகைத் தட்டினார்.
"இதுவும் ஃபைபர்தான்.
இதுல என் ஒட்டு ஒம்போது இருக்கு.
வருஷத்துக்கு வருஷம் வெல எறங்குது.
அதுமாதிரி ஏறணும்னா என்னா பண்ணணும்?"

தண்ணியில் இறங்காமல்
ஐம்பது வருஷம் ஷெட்டில் கிடக்கணும்,
இதுமாதிரி மற்றதெல்லாம் நொறுங்கிப்போகணும்
என்று நாக்குவரை வந்தது.
"நம்பர் ஒத்துப்போகணும்" என்றேன்.

அவர் எழுந்து, மணலைத் தட்டிவிட்டுப்
படகின் பக்கவாட்டைப் பார்த்தார்.
பெயிண்டில் எழுதிய பதிவெண்ணில் பாதி
அவர் போட்ட ஒட்டுக்கடியில் இருந்தது.