கை மாற்ற ஒன்று

வண்டியைக் கியாட்டிடம் வாங்கியபோது
எல்லாம் ஏற்கெனவே அதனதன் இடத்தில் இருந்தன.
அரைக்கும் இயந்திரம் வலப்பக்கம்.
சக்கையைத் தட்டும் பெட்டி அதற்கும் வலம்.
பால் முழங்காலுக்குக் கீழே, அதுவும் வலம்.
அவன் வலக்கைக்காரன்.
நான் இடம்.

இரண்டு வருடம் அது உறைக்கவில்லை.
தோள் வலிக்கிறது என்றுதான் தைலம் தேய்த்தேன்.

மஸ்ஜித் ஜாமெக் நிலைய வாசலில்
ஏழு நாற்பதுக்கு ஒரு ரயில் வந்து ஆட்களைக் கொட்டும்.
மூன்று நிமிடத்தில் இன்னொன்று.
அதற்குள் நான்கு கோப்பை கொடுத்தால் வரிசை நிற்கும்.
மூன்று என்றால் கலைந்து
எதிரே குளிரூட்டிய கண்ணாடிக் கடைக்குள் போய்விடும்.
நான் மூன்று.

காசு வாங்கும் நளாயினி
ஒரு காலை முழுதும் கைப்பேசியைக்
குடைக்கம்பியில் கட்டிப் படம் பிடித்தாள்.
இரவு செத்தாப்பாக்கில் ரொட்டி சானாய் மென்றபடி பார்த்தோம்.
"நீங்க காப்பி போடலக்கா. சுத்துறீங்க."
ஒரு லாத்தேக்குப் பதினொரு திருப்பம்.
நவக்கிரகத்தையே ஒன்பதுதானே சுற்றுகிறோம்.

இயந்திரத்தை விரட்ட முடியாது.
பதினெட்டு கிராம் தூள்,
இருபத்தெட்டு நொடி இறக்கம்.
முந்தினால் புளிக்கும், பிந்தினால் கசக்கும்.
அந்த இருபத்தெட்டிலும்
உலை கொதிக்கக் காத்திருப்பவள்போல்
சொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.
பால் தனியாகக் காத்திருந்திருக்கிறது.
இனி நுரைப்பதும் குழாய் துடைப்பதும் அதற்குள்ளேயே.

ஞாயிறு, திருகாணிகளைக் கழற்றினோம்.
அரைப்பான் இடம். பெட்டி இடம்.
பால் இடுப்புயரத்துக்கு ஏறியது.
மின்கம்பி எட்டவில்லை;
ஜாலான் பாசாரில் பன்னிரண்டு ரிங்கிட்டுக்கு
நீளமான ஒன்று.
நளாயினியின் கட்டைவிரலில் சிராய்ப்பு.
மிச்சம் ஒரு திருகாணி,
எதனுடையது என்று இன்றுவரை தெரியாது.

திங்கள், நான்கு.
செவ்வாய், நான்கு.
புதன் மழை, கணக்கில் இல்லை.

வியாழன்
கக் ரோஸ்னா, நீதிமன்றத்தில் கோப்பு பார்ப்பவர்,
நான் நீட்டியதும் நின்றார்.
வாங்கவில்லை.
பார்வை கோப்பையில் இல்லை, கையில்.
வீட்டில் அதற்குப் பெயரே சொல்லமாட்டார்கள்,
'அந்தக் கை' என்பார்கள்,
சோற்றில் வைத்தால் கரண்டி விழும்.
மாற்றி நீட்டினேன்.
"தெரிமா காசி, தங்காச்சி."
எப்போதும்போலச் சிரித்துவிட்டுப் போனார்.
எனக்குத்தான் காது சுட்டது.

அப்படியானால் முன்பு எப்படிக் கொடுத்தேன்?
பழைய படத்தை மறுபடி ஓட்டினோம்.
பதினோராவது திருப்பம்:
முழு உடம்பும் சுழன்று
வலக்கையால் நீட்டுகிறேன்,
ஒவ்வொரு கோப்பைக்கும்,
எவரும் சொல்லாமல், எனக்கே தெரியாமல்.
வீண் என்று நாங்கள் முதலில் வெட்டியது
அதைத்தான்.

உடம்பு சுழல வேண்டாம், கை மாறினால் போதும்.
நளாயினி அட்டையில் எழுதிக்
கூரைக்கு அடியில் ஒட்டினாள்:
அரைக்க ஆறு.
அழுத்த மூன்று.
இறங்க இருபத்தெட்டு.
மூடி போட நான்கு.
கை மாற்ற ஒன்று.

கடைசி வரியைக் குறைக்கலாமா என்று
அவளும் கேட்கவில்லை.
நாற்பத்திரண்டு நொடி.
தரை இலேசாக அதிர்கிறது,
ஏழு நாற்பத்து மூன்று வந்துவிட்டது.