வலது முன் சக்கரம்

ஞாயிற்றுக்கிழமை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றாத நாள்.
கம்பம்மெட்டில் மேகம் இன்னும்
ரோட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை.
சஃபாரியின் சட்டத்தைப் பலாக்கட்டையில் உட்காரவைத்தேன்.
கழற்றிய சக்கரத்தையும் அடியில் தள்ளிவிட்டேன்.
கட்டை கைவிட்டால்
என் மேல் இறங்குமுன் அதன் மேல் இறங்கட்டும்.

மூன்று வாரமாக ஒரு சத்தம்.
வளைவில் மட்டும், இடது ஒடிக்கும்போது மட்டும்.
யாரோ வந்து விரல் முட்டியால்
ஒரே ஒரு தடவை கதவைத் தட்டிவிட்டு
வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று
திரும்பிப் போவதுபோல.
ஏழு பேர் வண்டியில் பதினோரு பேர்.
எல்லோரும் ரோட்டைத் திட்டினார்கள். நானும்தான்.
ராஜகொடி மட்டும் தூக்குவாளியை மடியில் இறுக்கிக்கொண்டு,
"அக்கா, ஒன் வண்டிக்கு வலது முட்டி வலிக்குது" என்றாள்.

நெடுங்கண்டத்திலிருந்து தங்கச்சன் போன் செய்தான்:
"பால் வந்நு சேச்சீ. மேலே ஒண்ணு, தாழே ஒண்ணு."
ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுப்
பக்கத்து வீட்டு மைமூன் சட்டியோடு வந்துவிட்டாள்,
தனக்கும் அரை லிட்டர் வேண்டுமாம்.
பால் இல்லை, பால் ஜாயிண்ட் என்றேன்.
முறைத்துக்கொண்டே உள்ளே போனவள்
அதே சட்டியில் மண்ணெண்ணெய் கொண்டுவந்து தந்தாள்.

ஊற்றினேன். ஊறட்டும்.
மேல் ஆர்மின் நான்கு போல்ட்டில் மூன்று
கேட்டதும் வந்தன.
நான்காவது முனை மழுங்கி
ஸ்பேனரை மூன்று தடவை வழுக்கிவிட்டு
என் விரல் தோலை வாங்கிக்கொண்டு வந்தது.

கீழ் ஜாயிண்ட்தான் பிடிவாதம்.
பின்னை இழுத்தால் பாதி கையோடு வருகிறது,
பாதி உள்ளேயே இருக்கிறது.
தட்டி எடுத்தேன். நட்டை நாலு சுற்று தளர்த்தினேன்.
முழுசாகக் கழற்றக்கூடாது.
பிரியும்போது எந்த வேகத்தில் பிரியும்
என்று யாருக்கும் தெரியாது.
சுத்தியலால் பக்கவாட்டில் அடித்தேன்.
தமிழில் திட்டினேன். பிறகு மலையாளத்தில்.
ஒன்றும் அசையவில்லை.

சுத்தியலைக் கீழே வைத்து
டீயை வாய்க்குக் கொண்டுபோன நேரம்
டங்.
டீ முழுக்க சட்டையில்.

உறை கிழிந்து செம்மண் தின்ற உருண்டை.
அரைநெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிசு.
விரலால் ஆட்டினால் எல்லாப் பக்கமும் ஆடியது,
ஆடக்கூடாத பக்கமும்.
கையில் வைத்துக்கொண்டு
கடந்த மூன்று வாரத்து வளைவுகளை
ஒவ்வொன்றாக எண்ணிப்பார்த்தேன்.
பாதியில் நிறுத்திவிட்டேன்.

கழற்றிய நட்டு கை நழுவி
வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி,
செக்போஸ்ட் கம்பிக்கு அடியில் குனியாமலே புகுந்து
கேரளாவுக்குள் போய்விட்டது.
பெர்மிட் இல்லை, வரி இல்லை.
சிறிது நேரத்தில் அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர்
இரண்டு விரலில் அதைப் பிடித்துக்கொண்டு
எல்லை தாண்டி வந்தார்.
"சேச்சீ, இது நிங்ஙளுடேயா?"
புது ஜாயிண்ட்டோடு புது நட்டு வந்திருக்கிறது என்று
சொல்ல வாய் வரவில்லை.
நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

துளைக்கு நேராக நட்டின் பள்ளம் வரவில்லையென்றால்
இன்னும் கொஞ்சம் இறுக்கு,
பின்னால் மட்டும் திருப்பாதே.
பின் நுழைந்தது. கிரீஸ் அடித்தேன்,
உறை கன்னம் உப்பும்வரை.
ஒரு பக்கத்துக்குத்தான் காசு இருந்தது.
இடது பக்கம் சம்பளம் வந்த பிறகு.

திங்கள். விடியுமுன் கம்பத்தில் ஆள் ஏற்றி
மெட்டு ஏறுகிறேன்.
ஸ்டியரிங் கொஞ்சம் இடதுக்கு இழுக்கிறது,
அலைன்மெண்ட் பார்க்கவேண்டும்.
முதல் வளைவு. தூக்குவாளிகளின் கிணுகிணுப்பு,
யாருடைய வளையலோ. அவ்வளவுதான்.
இரண்டாவது. மூன்றாவது.
நான்காவதில் ராஜகொடி முன்னால் எட்டினாள்:
"அக்கா, மறுபடியும் டொக்குங்குது."

டேஷ்போர்டு குழியில்
இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு
உருண்டுகொண்டிருந்தது.
"அது வண்டி இல்லடி" என்றேன்,
"போலீஸ்காரர் குடுத்தது."