ஆயிரத்து அறுநூறு மடங்கு

பெட்டியில் கொட்டை எழுத்து: ஆயிரத்து அறுநூறு மடங்கு.
"நம்பாதே" என்றான் ஐனார்ஸ்,
விற்கிறவன் வாயாலேயே.
"காசுக்கு இருபது போதும். அதற்கு மேல் போனால்
கண்ணாடி காசை முத்தமிடும்,
வெளிச்சம் நுழைய வழியிருக்காது."

இரண்டு கருவிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்,
ஒன்றைத் திருப்பித் தரலாம் என்ற பேச்சில்.
மலிவானதன் தண்டு,
ஏழாம் எண் டிராம் எங்கள் தெருவில் திரும்பும்போதெல்லாம்
நடுங்கியது. கூடவே வெள்ளிப் பெண்ணும்.
மற்றது அசையவில்லை.
ஆனால் அதன் வாயைச் சுற்றி எட்டு விளக்கு,
அவள் கன்னத்தில் எட்டு வெள்ளைக் கொப்புளம்.
தயிர் டப்பாவின் அடியை வெட்டிக் கவிழ்த்தேன்.
கொப்புளம் அடங்கியது.
ரீகாவில் பனி கொட்டிய மறுநாள் காலைபோல
எங்கிருந்து என்றே தெரியாத வெளிச்சம்.

ஐந்து லாட்ஸ்.
லியெபாயாவில் கேட்டிருக்கிறார் திருமதி ஸ்குயா:
"விலை பிறகு. முதலில் பொய் சொல்லாத படம்."

டப்பாவை எடுத்தேன்.
மேசைவிளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தினேன்.
பத்தில் முகம்.
இருபதில் இமை.
நாற்பதில், கன்னம் முழுக்க
ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள்.
எவனோ துணியும் பற்பசையுமாய்த் தேய்த்திருக்கிறான்.
எவனோ என்ன, எவனோ.
போன ஈஸ்டருக்கு முந்தின நாள்,
பளிச்சென்று இருக்கட்டுமே என்று
நான்தான்.

தேய்த்த காசுக்குப் பாதி விலை.
டப்பாவைத் திரும்பக் கவிழ்த்தால்
ஒரு கீறலும் இல்லை.
கவிழ்த்துப் பார்த்தேன்.
அழகாகத்தான் இருந்தாள்.

டிராம் போகட்டும் என்று பொறுத்திருந்து
இரண்டு படமும் எடுத்து
இரண்டையும் அனுப்பினேன்.

டப்பா போட்டதை முதலில்.