எத்தனை சோடி

சிலோயே தீவில் ஜூன் என்றால் மழை.
ஏழாம் வகுப்பின் தகரக் கூரைமேல்
யாரோ நிறுத்தாமல் பயறு கொட்டுகிறார்கள்.

எலியானா சிகுவாய், கணக்கு ஆசிரியை,
பதினோராவது வருடமாக அதே கணக்கை எழுதினார்:
மரவீடு ஒன்றின் எடை எட்டு டன்.
ஒரு சோடி எருது நானூறு கிலோ இழுக்கும்.
தீவு மாறிப் போகும் வீட்டைக்
கடல்வரை இழுக்க எத்தனை சோடி வேண்டும்?

பதினெட்டுப் பேர் இருபது.
ஒருவன் நாற்பது, தலைகளை எண்ணிவிட்டான்.
எதெல்மீரா மன்சியா மட்டும்
விடைக்கான கோட்டின்மேல்
பென்சிலால் ஒரு கேள்வியை உட்கார வைத்திருந்தாள்:
‘அடுப்பை அணைத்தாயிற்றா?’

சிவப்பு மையில் ஒரு சுழியம் போட்டார்.
அது சாயங்காலம் அவரோடு வீட்டுக்கு வந்தது.
சூப்புக் கிண்ணத்தின் வாயாக இருந்தது.
அடுப்பின் இரும்பு மூடியாக இருந்தது.
படுத்தபின் கூரையைப் பார்த்துக் கணக்கைப் போட்டார்,
சும்மா, இருபது சோடியையும் வரிசையில் நிறுத்திப் பார்க்க.
நிற்கவில்லை.
மூன்று மீட்டர் சந்தில்
நாற்பது எருது எங்கே நிற்கும்?

காலையில் பலகையிலிருந்து
எட்டையும் நானூறையும் துடைத்தார்.
வீடு, எருது, கடல் மூன்றும் மிஞ்சின.
‘இனி கேள்வி உங்களுடையது.
நான் வாய் திறக்கமாட்டேன்.’

ஏழு நிமிடம் யாரும் பேசவில்லை.
சொல்லிவிடலாமா, ஒரு சின்னக் குறிப்பு,
ஒரே ஒரு குறிப்பு என்று
அவர் கையில் சுண்ணக்கட்டி இரண்டாக ஒடிந்தது.

அப்புறம் ரொசாமெல்:
மண் ஈரமா, காய்ந்ததா?
அடியில் உருளைக்கட்டை உண்டா?
நவெல்கின் இரட்டையர் சண்டைக்கே போனார்கள்,
சன்னலைக் கழற்றினால் எடை குறையும் என்று ஒருவன்,
கழற்றினால் சுவர் முறுக்கிக்கொள்ளும்,
குறுக்கே பலகை அடி என்று மற்றவன்.
எவனுடைய வீடு, போக மனமிருக்கிறதா,
அங்கே இடம் கொடுத்தது யார்
என்று பின்வரிசை கேட்டது.
பெயர் சொல்லாத ஒரு குரல்:
‘வீட்டை ஏன் கடலுக்கு இழுக்கவேண்டும்?
கடலை வீட்டுக்கு வரச் சொன்னால் என்ன?’

சிரித்தார்கள்.
சிரிப்பு பாதியில் நின்றது.
யாரோ மழையில் ஓடி
மீனவர் சங்கச் சுவரிலிருந்து
ஓத அட்டவணையைப் பிய்த்துக்கொண்டு வந்தார்கள்.
பௌர்ணமியன்று நீர் வேலிவரை ஏறும்.
தரையெல்லாம் சுண்ணக்கோடு.
இருபது சோடி எட்டானது,
உருளைக்கட்டை வைத்ததும் மூன்றானது,
ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால்
ஓர் ‘ஆனால்’ வால் ஆட்டிக்கொண்டு நின்றது.

நான் எழுதும் மொழியில்
விடை என்றால் பதில். விடை என்றால் எருது.
விடை கொடு என்று கேட்டுப் போவதும் அதுவே.
அவர்கள் மொழியில் மூன்றும்
மூன்று கொட்டிலில் கட்டிக் கிடக்கின்றன.
அன்று மட்டும் எல்லாம் அவிழ்த்துக்கொண்டு
ஒரே வகுப்பில் மேய்ந்தன.

எதெல்மீரா பேசவில்லை.
‘அடுப்பு எதற்கு?’ என்றார் எலியானா.
இம்முறை உண்மையிலேயே தெரியாமல் கேட்டார்.

‘போன மார்ச்சில் எங்கள் வீட்டை இழுத்தார்கள்.
உள்ளே கங்கு இருந்தது. யாரும் கேட்கவில்லை.
நடுக்கடலில் புகை வந்தது.
அடுப்பைப் பெயர்த்துத் தண்ணீரில் தள்ளினார்கள்.
நூற்றிருபது கிலோ.
எட்டு டன்னில் கழித்துக்கொள்ளுங்கள்.’

ஒருவன் நிஜமாகவே கழித்தான்.
ஏழாயிரத்து எண்ணூற்று எண்பது என்று
தரையில் எழுதினான்.
அவனை யாரும் அதட்டவில்லை.

மணி அடித்தது.
மாகாண அலுவலகப் படிவத்தில்
‘எதிர்பார்த்த விடை கிடைத்ததா’ என்றொரு கட்டம்.
எலியானா அதில் பேனாவை வைத்தார், எடுத்தார்.
மழைக்கோட்டு மாட்டியபடி ரொசாமெல் கேட்டான்:
பரீட்சையில் எதை எழுதுவது?

‘இருபது’ என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு.
‘பக்கத்தில் ஆனால் என்று போடு.
இடம் போதாவிட்டால்
இன்னொரு தாள் கேள்.’